அட்டைப் பூதம்

"இப்படி ஆடுறதுக்கு உங்களுக்கே கூச்சமா இல்லையா மாமா?" என்றாள் மருமகள் சுகன்யா.

கூச்சம் எதற்கு? செல்போனில் பூதங்களை மோதவிடும் விளையாட்டு. ஆளுக்கு ஆறு பூதம் காட்ட வேண்டும், அதில் மூன்றை இறக்க வேண்டும். எதிராளியின் மூன்றும் விழுந்தால் ஜெயித்தோம். எப்படி விழ வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இளவட்டங்கள் நெருப்புக் கக்குகிற, மின்னல் அடிக்கிற பூதங்களாக வைத்திருப்பார்கள். நான் அடிக்கவே மாட்டேன். முப்பது வருஷம் போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டியவன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவனுக்குத்தான் வண்டி சூடாகும். ரெண்டாம் கியரில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. என் அணியும் அப்படித்தான்.

பூதத்துக்கு நாமே பேர் வைத்துக்கொள்ளலாம். முதலில் மஞ்சு. மலையில் மூடுபனிக்கு அதுதான் பேர். எதிராளியைத் தூங்க வைத்துவிடும். "மஞ்சு யாரு?" என்று என் வீட்டுக்காரி கருப்பம்மாள் மூன்று நாள் முறைத்தாள்.

அடுத்தது பாறை. எவ்வளவு அடித்தாலும் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் ஓய்வெடுத்துத் திரும்ப எழுந்து நிற்கும்.

மூன்றாவது அட்டை. ஒட்டிக்கொண்டால் விடாது. சுற்றுக்குக் கொஞ்சமாக ரத்தம் குடித்துக்கொண்டே இருக்கும்.

என்னிடம் மாட்டியவர்கள் ரெண்டே நிமிஷத்தில் 'தோற்றேன்' பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினார்கள்.

ஒருத்தன் மட்டும் ஓடவில்லை. அவனுக்காகத்தான் இந்த அணியையே அமைத்தேன். தங்கபாண்டி.

ஒரு காலத்தில் மாப்ளே என்று கூப்பிட்டவன்தான். முன்னும் பின்னுமாக மலைக்கு ஜீப்பு ஓட்டியவர்கள் நாங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளியிடம் போய், "ஒச்சப்பனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, மலையில ஓட்ட விடாதீக" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே வண்டிச் சாவி என் கையை விட்டுப் போனது.

மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செத்தாலும் உன்கூடப் பேச்சு இல்லை, உன் வீட்டில் கை நனைக்கவும் மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அவன் இந்த விளையாட்டை ஆடுவதாக ஜீப்பு ஸ்டாண்டில் கேள்விப்பட்டேன். சுகன்யாவிடம் சொல்லி என் போனிலும் ஏற்றினேன். இதில் பேசிக்கொள்ள வழி கிடையாது. அதனால் சொன்ன சொல்லுக்குப் பங்கமில்லை. சவால் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டான்.

அவன் ஒரே ஒரு தடவை 'தோற்றேன்' பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு அது போதும்.

தினமும் மூணு மணிக்கு ஏலக்காய் எஸ்டேட் ஸ்டோர் வாசலில், ஆட்கள் வேலை முடித்து வண்டி ஏறுவதற்காகக் காத்திருப்பான். நானும் அங்கே காத்துக் கிடந்தவன்தானே. அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஆட்டம் நாற்பது நிமிஷம் ஓடும். அட்டை குடிக்கக் குடிக்க அவன் பூதங்கள் வாடும், ஒவ்வொன்றாக விழும். தினமும் தோற்பான். பொத்தானை மட்டும் அமுக்க மாட்டான். வீம்பு பிடித்தவன்.

போன ஐப்பசி மழையில் ஆறு நாள் பச்சைப் புள்ளி வரவில்லை. ஜீப்பு ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய், டீ குடிக்க வந்த மாதிரி நின்றுகொண்டு, மேலே டவர் வேலை செய்கிறதா என்று விசாரித்தேன். மண் சரிந்து கரண்டு போய்விட்டது என்றார்கள். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டதும் பொதுவாகக் கேட்டதுதான்.

ஏழாம் நாள் புள்ளி எரிந்தது. அன்றைக்கு ஆட்டத்தை ஒரு மணி நேரம் இழுத்தேன்.

அது என்ன எழுத்து, இது என்ன எழுத்து என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பதில் சுகன்யாவுக்குச் சலிப்பு. எழுத்தைப் பொடிசாக வைத்தது யார் குற்றம்? நேற்று என் போனை டிவியோடு இணைத்துவிட்டாள்.

மூணு மணி. டிவியில் இடது பக்கம் என் ஆறு பூதம், வலது பக்கம் அவனுடைய ஆறு. கீழே பேர்கள். அவனுடைய பேர்களை நேற்றுத்தான் முதல் தடவையாகப் படித்தேன். ஐந்து வாயில் நுழையாத பேர். ஆறாவதை எழுத்துக் கூட்டினேன்.

சு... ண்... ணா... ம்பு.

"சுண்ணாம்பா? இதெல்லாம் ஒரு பேரா?" என்று சிரித்தாள் சுகன்யா. ராசிங்காபுரத்துப் பிள்ளை, மலை ஏறியதில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டில் காலில் அட்டை கடித்தால் விரலில் சுண்ணாம்பைத் தொட்டு வைப்போம், சுருண்டு விழுந்துவிடும் என்று சொன்னேன்.

ஆட்டம் முடிந்ததும் அவள் போனை வாங்கி, அவனுடைய பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அந்தப் பூதத்தை மஞ்சு தூங்க வைக்க முடியாது. அட்டை ஒட்ட முடியாது. பாறையையும் உடைத்துவிடும். மற்றவர்களிடம் அதை இறக்கிய ஆட்டமெல்லாம் அவனுக்கு ஜெயம். எட்டு மாதமாக என்னிடமும் ஆறில் ஒன்றாகக் கொண்டுவருகிறான். ஒரு நாள்கூட இறக்கவில்லை.

"என்ன, எளக்காரமா அவனுக்கு? கையில இருக்கிறத இறக்கி அடிக்க வேண்டியதுதானே" என்றேன்.

சுகன்யா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அடிச்சா நாலு நிமிசத்துல ஆட்டம் முடிஞ்சிரும் மாமா. அதுக்கு மேல உங்ககூட இருக்கிறதுக்கு அவரு வேற எங்க போவாரு?"