பத்தொன்பதாவது வரிசை

"பொண்ணு கேட்டு பைக்குல வந்துட்டு, திரும்ப பஸ்ஸுல போன ஆளு தம்பி நீங்க. உங்களை நம்பி எப்படி எம்பொண்ணைக் குடுக்கிறது?"

நான்சியின் அப்பா இருதயநாதன் இப்படிக் கேட்டதும் அமலன் தலையைச் சொறிந்தான். நேற்று அவளைப் பெண் கேட்டு வந்தவன், பதற்றத்தில் பைக்கை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டான். இன்று அதை எடுக்க வந்து இப்படி மாட்டிக்கொண்டான்.

"ஏதோ ஒரு ஞாபகத்துல..."

"இன்னைக்கு பைக்கு. நாளைக்கு எம்மகளை பஸ் ஸ்டாண்டுல நிப்பாட்டிட்டு நீங்க மட்டும் வீட்டுக்குப் போயிட்டா? மனுசனுக்கு மனசுல ஒண்ணு நிக்கணும் தம்பி."

அமலன் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவன். லீவு நாட்களில் மேடையேறி, அடுத்தவர் மனதில் இருப்பதைச் சொல்லும் மென்டலிஸ்ட். ஊரார் மனசெல்லாம் தெரியும், தன் சாவி எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

"சார், நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவர். அடுத்த மாசம் உங்க ஊரு மாதா கோயில் திருவிழாவுல எனக்கு ஒரு ஷோ இருக்கு. வட்டக் கணக்குல வர்ற பை இருக்குல்ல, மூணு புள்ளி ஒண்ணு நாலுன்னு முடிவே இல்லாமப் போகுமே, அதுல இருநூறு எண்ணை மனப்பாடமாச் சொல்றேன். நீங்களே மேடைக்கு வந்து சரி பாருங்க."

"ஒரு எண் தப்புனா?"

"அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் சார்."

"நல்லது. இப்ப மறக்காம பைக்கை எடுத்துட்டுப் போங்க."

உள்ளே நான்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாய்ச்சவடால் விட்டாயிற்று, எண்கள்தான் மண்டையில் ஏற மறுத்தன. கடைசியில் அவற்றை மாதா மன்றாட்டு மாலையின் ராகத்தில் பாடிப் பார்த்தான் அமலன். கோயிலில் ஒருவர் ஒரு வரி பாட, சனமெல்லாம் சேர்ந்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முடிக்கும் ராகம். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது, சட்டென்று ஒட்டிக்கொண்டது. பத்துப் பத்து எண்ணாக இருபது வரிசை.

திருவிழா அன்று பூசை முடிந்த கையோடு சனம் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. முதல் வரிசையில் நான்சியின் அம்மா ஆரோக்கியம்மாளும் அவர் தோழிகளும். இருதயநாதன் தானே கொண்டுவந்த தாளோடும் பேனாவோடும் மேடையேறினார். அமலன் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

"ஏழாவது வரிசை," என்றார் மைக்கில்.

"அஞ்சு, ஒம்பது, ரெண்டு, மூணு, சைபர், ஏழு, எட்டு, ஒண்ணு, ஆறு, நாலு."

"சரி. பன்னெண்டு?"

"மூணு, ரெண்டு, எட்டு, ரெண்டு, மூணு, சைபர், ஆறு, ஆறு, நாலு, ஏழு."

"சரி."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இருதயநாதனே கொஞ்சம் அசந்துதான் போனார்.

"கடைசியா ஒண்ணு. பத்தொம்பதாவது வரிசை."

அது கொஞ்சம் தள்ளியிருக்கிற வரிசை. ராகத்தைப் பிடித்தால்தான் வரும். அமலன் மைக் கையில் இருப்பதை மறந்து, "ம்ம்ம்... ம்ம்ம்..." என்று மெல்ல முனகினான்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றது முதல் வரிசை.

அமலன் திடுக்கிட்டான். மறுபடியும் முனகினான்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" இந்தத் தடவை ஆரோக்கியம்மாளின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பாவம், பூசையில் பாடிய வாய், தன்னால் வந்துவிட்டது. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"ஏ, செத்த நேரம் சும்மா இரு!" என்று மேடையிலிருந்தே மனைவியை அதட்டிவிட்டு, இருதயநாதன் அமலனைப் பார்த்தார். கறுப்புத் துணிக்குக் கீழே வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, சொல்றீங்களா? இல்ல, இறங்கிறலாமா?"

அமலன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"ஒம்பது, நாலு, எட்டு..." என்று தொடங்கியவன், திக்காமல் திணறாமல் பத்து எண்ணையும் சொல்லி முடித்தான்.

இருதயநாதன் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"சரி!" என்றார்.

விசில் பறந்தது. நான்சி மட்டும் கைதட்ட மறந்து நின்றாள்.

மேடைக்குப் பின்னால் இருதயநாதன் அவன் தோளில் கை போட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமையே, உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட பேசிர்றேன்."

அமலன் சந்தோஷத்தில் கும்பிட்டான். ஆனால் மனசு கேட்கவில்லை.

"சார், உங்ககிட்ட மறைக்க முடியல. அந்தக் கடைசி வரிசை..."

"தப்பு. அது ஆறுல ஆரம்பிக்குது, நீங்க ஒம்பதுல ஆரம்பிச்சீங்க."

"அப்புறம் ஏன் சார் சரின்னு சொன்னீங்க?"

"எங்க வீட்டம்மா போன் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது தம்பி. என் மனசுல நிக்கிறது எம்பொண்ணு நம்பர் ஒண்ணுதான்," என்றார் இருதயநாதன். "அம்புட்டுச் சனத்துக்கு முன்னால எல்லாம் மறந்துபோயி நின்னப்ப, உங்க வாயிலயும் அந்த நம்பர்தானே வந்துச்சு!"