பொட்டலத்தின் தேதி

"மூணாவது தடவையும் தப்பா வந்திருக்கு. இதுக்கு என்ன சொல்லப் போறீங்க, யுன் அக்கா?"

திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, வழக்கமான நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரையை வாயில் போட்டு மென்றேன்.

சோதனை எளிமையானது. வயிற்றுப் புற்றுநோய் வழிவழியாக வரும் குடும்பங்களைச் சேர்ந்த பத்து நோயாளிகளின் ரத்தம், பத்துக் குழாய்களில். பதினோராவதில், ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவருடைய ரத்தம். அதற்காக ஆய்வகத்தில் நாங்கள் ஐந்து பேர் கை நீட்டினோம். சோதனைகளைச் செய்யும் யுன் அக்கா அந்த ஐந்தில் ஒருவர் ரத்தத்தை எடுத்து எண் மட்டும் ஒட்டினாள். பெயர் அவள் நோட்டில் இருக்கும்.

பத்திலும் அந்த நோயைக் கொண்டுவரும் ஜீன் கோளாறு இருக்க வேண்டும், பதினொன்றில் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. ரசாயனத்தை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"குழாய் மாறியிருக்கும். நோட்டைக் காட்டும்மா, பார்த்துடலாம்" என்றார் பேராசிரியர் லியாவ்.

அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம் சார். தப்பு என்னோடதுதான். மெஷின் மேல இருக்கிற பொட்டலம் தேதி முடிஞ்சுபோச்சு. நான் மாத்தல."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தைவானில், தலையில் அந்தப் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம் இல்லாமல் எந்த மெஷினும் ஒழுங்காக ஓடாது. பொட்டலத்தின் பேரே 'சமர்த்தா இரு' என்பதுதான். தேதி முடிந்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். டாக்டர் பட்டம் வாங்கிய நாங்களும் நம்புகிறோம், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பதினேழு வருஷ சர்வீஸ். குழாயை மாத்தி வச்சுட்டு, பொட்டலத்து மேல பழியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று அறிக்கை எழுத வேண்டியவன் நான். கூட்டம் முடிந்த கையோடு, 'கவனக்குறைவு, நீட்டிக்க வேண்டாம்' என்று எழுதி, என் முத்திரையைக் குத்தி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் புதுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து நானே மாற்றப் போனேன். பழையதை எடுத்தபோது தேதி கண்ணில் பட்டது.

முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

குழப்பம் தீர்வதற்குப் பதில் கூடியது. அக்கா தன் அறையில் சாப்பாட்டு டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"எதுக்கு அக்கா பொய் சொன்னீங்க?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"முதல் தடவை என்னையே சந்தேகப்பட்டேன். ரெண்டாவது தடவை மெஷினை. மூணாவது தடவை, கடவுளே, தப்பா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே செஞ்சேன். மெஷின் சரியாத்தான் இருக்கு டாக்டர். குழாயும் மாறல."

"அப்போ நோட்டைக் காட்டியிருக்கலாமே? திட்டு வாங்கணும்னு என்ன தலையெழுத்து?"

"காட்டியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். உடம்புக்குச் சொந்தக்காரருக்கு முன்னாடி ஊருக்கு ஏன் தெரியணும்? தெரிஞ்சுக்கிறதும் வேண்டாங்கிறதும் அவர் இஷ்டம்." டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். "உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா?"

"சொல்லுங்க" என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.

அவள் நோட்டைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு மருத்துவமனைச் சீட்டை மட்டும் உருவிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் பார்த்துட்டா பயமில்லையாம். விசாரிச்சுட்டேன். முதல்ல இங்க போயிட்டு வாங்க. என்னைப் பத்தின அறிக்கையை அப்புறம் அனுப்பிக்கலாம்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, வயிற்று நோய்ப் பிரிவு. அதற்குக் கீழே என் பெயர் இருந்தது.