கைக்குட்டையில் பதினொன்று

பதினொரு பாவங்களையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மரியநாயகி படியேறினாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கம்ப்யூட்டர் திருத்தும் கடை மாடியில் இருந்தது. படிகள் செங்குத்து. பதினாலாவது படியில் நின்று மூச்சு வாங்கியபோது பன்னிரண்டாவது பாவமும் வந்து ஏறிக்கொண்டது.

இந்தப் படியிலா அவரை ஏறவிட்டேன்?

கடைக்கார ஜீவராஜ் ஒரு பழைய பெட்டியைத் திறந்துபோட்டுத் தூசி ஊதிக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா. போனா, லெப்டொப்பா?"

"ரெண்டும் இல்ல தம்பி. ஒரு சாமானத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடி மேசையில் கொட்டினாள். பயறு அளவில் பதினொரு பிளாஸ்டிக் துண்டுகள். ஒன்று கறுப்பு, மற்றப் பத்தும் பச்சை.

"என்னாம்மா இது, வெதையா? நான் மரக்கறித் தோட்டம் எல்லாம் போடுறதில்லையே" என்று சிரித்தவன், ஒன்றை எடுத்துப் பார்த்ததும் நிமிர்ந்தான். "அட, ஜம்பரு. பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்குல மாட்டுறது. இது என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாமலா கொண்டாந்தேன்? ஒரே வயருல ரெண்டு டிஸ்க்கு இருந்தா, யாரு மொத ஆளு, யாரு ரெண்டாவது ஆளுன்னு சொல்றது இதுதான். எங்க வீட்டு டிஸ்க்குல இதக் கழட்டிட்டா, அது தன்னை ரெண்டாவதுன்னு நெனைச்சுக்கிட்டு, மொத ஆளு வரட்டும்னு சும்மா கெடக்கும். மெஷின் எந்திரிக்காது."

"கம்ப்யூட்டர் கோஸ் படிச்சிட்டு வாறவங்களுக்கே இது தெரியாதும்மா. யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரருதான். மெஷின் வாங்கின மொத வாரமே தொறந்து காட்டினாரு. காட்டாம இருந்திருக்கலாம்."

அவளுடைய கணவர் இராயப்பன், மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவரும் அந்த மெஷினும்தான் குடும்பம். காலையில் அதில் சீட்டு விளையாட உட்கார்ந்தால், மத்தியானம் சோறு ஆறிய பிறகுதான் எழும்புவார். ஒரு நாளைக்கு ஹட்டனுக்குப் போய்வருவோமா என்று கேட்டால், "அங்க நமக்கு என்னா வேலை?" என்பார்.

வேலையை மரியநாயகி உண்டாக்கினாள். அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து ஜம்பரைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் போய்ப் பருப்புப் பொறுக்கினாள்.

மெஷின் படுத்துவிட்டது. அவர் டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு, "நீயும் வாறியா, சும்மாதானே இருக்கே?" என்றார். ஹட்டனில் அவளை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, வடையும் தேத்தண்ணியும் சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில், கக்கத்தில் பத்திரிகையோடு திரும்பி வந்து, "சரி பண்ணியாச்சு" என்றார். பிறகு இரண்டு பேரும் மூன்று மணி பஸ் வரும்வரை கடைத்தெருவைச் சுற்றினார்கள்.

பதின்மூன்று வருஷத்தில் இப்படிப் பதினொரு முறை. ஒரு முறைகூட அவர் அலுத்துக்கொண்டதில்லை.

கடைசியாகப் போனது இந்த ஜூன் மழையில். அடுத்த வாரம், சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். படியேறக் கூடாது என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்ததாக, எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"கோயில்ல சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்" என்றாள் மரியநாயகி. "எடுத்தத ஒடையவங்ககிட்ட குடுத்துருங்கன்னாரு சாமி. அவருகிட்ட இனிக் குடுக்க ஏலாது. ஒவ்வொரு தடவையும் புதுசா மாட்டிக் குடுத்தது நீங்கதானே. அதான் இங்க வந்தேன்."

கைக்குட்டையை மடித்தாள். திரும்பவும் பிரித்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எனக்காக மறைக்காமச் சொல்லுங்க. ஜூன் மாசம் இந்தப் படியேறி வந்தப்போ அவருக்கு மூச்சு வாங்குச்சா?"

ஜீவராஜ் கையிலிருந்த பச்சை ஜம்பரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"ஒசரமா, கண்ணாடி போட்டு, துவாயில சுத்தின பொட்டலத்தோட திரிவாரே, அந்த இராயப்பன் சாரா? சார் போயிட்டாரா?"

"மூணு மாசம் ஆச்சு."

அவன் ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்தான்.

"அம்மா, நான் மாடிக்கு வந்து ஆறு வருஷம். இந்தப் படியில சார் ஒரு நாளும் கால் வச்சதில்ல."

"ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க தம்பி. டிஸ்க்க எடுத்துக்கிட்டு இங்கதானே வந்தாரு?"

"எங்க வந்தாரு? ரயில் ஸ்டேஷன் பெஞ்சுல ஒக்காந்து பத்திரிகை படிச்சிக்கிட்டு இருப்பாரு, மடியில அந்தப் பொட்டலத்த வச்சிக்கிட்டு. டீ குடிக்கப் போறப்போ பார்த்திருக்கேன். கை காட்டுவாரு. அவ்வளவுதான்."

"அப்போ ஜம்பரு?"

"கடை கீழ இருந்த காலத்துல ஒரே ஒரு தடவ வந்தாரு. இந்தப் பச்சையிலதான், கை நெறைய அள்ளிக்கிட்டாரு. 'ஒரு டிஸ்க்குக்கு ஒண்ணு போதுமே, இவ்வளவு எதுக்கு சார்'னு கேட்டேன்."

மரியநாயகி அவன் வாயையே பார்த்தாள்.

"என்னா சொன்னாரு?"

"'வீட்டுல ஒரு எலி இருக்கு தம்பி, ஹட்டன் வடைன்னா அதுக்கு உசுரு.'"