இந்தத் தகவல் போதுமா?

"இதுகூடத் தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுத்தான்?"

குமாஸ்தா வாய்க்குள் முணுமுணுத்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தப் பெண், கையில் பேனாவோடு மறுபடியும் வந்துகொண்டிருந்தாள்.

பதவி உயர்வுத் தேர்வில் குமாஸ்தாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். இரண்டு தடவை அவரைக் கவிழ்த்தது ஒரே பகுதி: கொடுத்த தகவல் விடை காணப் போதுமா, போதாதா என்று சொல்ல வேண்டிய கணக்குகள்.

"தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கய்யா" என்றார் சூப்பரின்டெண்ட்.

"நரைச்ச தலையோட எவன் முன்னாடி போய் நிக்கிறது?"

குமாஸ்தா அன்று அப்படிச் சொன்னபோது அந்தப் பெண்ணும் பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். இப்போது அவர் எதிரே வந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். எக்ஸோட வர்க்கம் ஒன்பது. எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெருசான்னு கேள்வி. எக்ஸ் மூணுதானே? அப்ப தகவல் போதும்தானே?"

'போதும்' என்று வாய்வரை வந்துவிட்டது. தாளை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"மைனஸ் மூணை வர்க்கம் பண்ணினா?"

"அட, அதுவும் ஒன்பது. அப்ப போதாது. எனக்கு மரமண்டை சார்."

அவர் மறுக்கவில்லை.

மறுநாள் இன்னொன்று. "ரெண்டு முழு எண்ணைப் பெருக்கினா இரட்டைப்படை வருது. அப்ப முதல் எண் இரட்டைப்படைதானே?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவது எண் இரட்டையா இருந்தா, முதல் எண் எதுவா இருந்தா என்ன? கொடுக்காததை நீயா சேர்த்துக்காதே. எத்தனை தடவை சொல்றது?"

"நாளைக்கும் கேப்பேன் சார். கோவிச்சுக்காதீங்க."

கேட்டாள். தேர்வுக்கு முதல் நாள் வரை, சாப்பாட்டு வேளை தவறாமல்.

"அவளுக்குப் புரியவைக்கிறதுலயே என் உயிர் போகுது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. பாஸ். சூப்பரின்டெண்ட் கை குலுக்கினார்.

"நம்ம மக்குப் பொண்ணு என்ன ஆச்சு சார்?"

"அவளா? பழைய ஆபீஸ்லயே பாஸ் பண்ணிட்டாளேய்யா. அந்தப் பகுதியில ஒரு தப்புகூட இல்லையாம். ஆர்டருக்குத்தான் காத்திருக்கா."

குமாஸ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கேட்ட கணக்கெல்லாம், அந்தந்த நாளுக்கு முந்தின நாள் அவர் தப்பாகப் போட்டு மேஜைமேல் விட்டுப்போனவை.

அவள் முன்னால் போய் நின்றார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுல்லம்மா நினைச்சேன்."

அவள் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சந்தேகம் கேட்டாங்கிறது ஒரு தகவல்தானே சார். தெரியாதுன்னு சொல்ல அது போதாதே."