குலுக்கலில் விழுந்த மொழி

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் ஆட்சிமொழியைக் குலுக்கலில் எடுத்தார்கள். இந்தமுறை விழுந்தது சௌராஷ்டிரம். மதுரையில் அன்று வெடிச்சத்தம் ஓயவில்லை. வீட்டில் அதையே பேசி வளர்ந்த ராதாபாயை அரசாங்கம் மொழிச்சான்றாளர் ஆக்கி, அவள் வீட்டுச் சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனது. அவள் வாயில் வருவதெல்லாம் அகராதி.

எட்டு மாதத்தில் அவளுக்கு நாக்கே களைத்துப்போனது. ஒருநாள் சாயங்காலம் டெல்லி அதிகாரி போன் செய்தார்.

"மேடம், வரி கட்டுறவங்களுக்கு ஒரு சொல் இல்லாம திண்டாடிட்டிருந்தோம். உங்க வீட்லேர்ந்தே கிடைச்சிருச்சு. 'புச்சிலா'. கெஜட்ல வந்தாச்சு."

"சார், அது சொல்லே இல்ல. என் மகளைக் கொஞ்சுறதுக்கு நானா இட்டுக்கட்டினது."

"நீங்க சொன்னா அதுதாம்மா மொழி. சட்டம் அப்படி."

போனை வைத்தாள். கணவன் துளசிராம் சௌராஷ்டிரத்தில் சொல்லிச் சிரித்தான். "இனி நாடு பூராவும் உம் பிள்ளைதான், போ."

அவள் தமிழில் பதில் சொன்னாள். "சிரிக்காதீங்க. இனிமே வீட்ல தமிழ்லயே பேசுவோம்."

"நம்ம பேச்சு பிள்ளைக்கு வர வேணாமா?"

"அது ஆபீஸ் பேச்சுங்க. அலுத்துப்போச்சு."

ஒன்றரை வயது மகள் தரையில் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். ராதாபாய் வாயெடுத்தாள். சுவரைப் பார்த்ததும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஹேமலதா, இங்க வாம்மா."

வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று குழந்தை தலையைக்கூடத் தூக்கவில்லை.