மஸீனாவின் வைத்தியம்

களிமண்ணை ஈரத்துணியில் பொதிந்து வயிற்றில் வைத்துக்கொண்டு மஸீனா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அதைப் பார்த்த அவள் கணவர், மிளகு வியாபாரி ரவூப், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது? வயித்துல வயல் செய்யப் போறியா?"

"சிரிக்காதீங்க. இது மண்பட்டி. எனக்கு வருத்தம். பலாபத்வலையில இயற்கை வைத்தியம் பார்க்கிற டொக்டர் டிலுக்ஷிகிட்ட போனேன்."

"வருத்தம்னா ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே?"

கேட்டுவிட்டாரே தவிர, ஆஸ்பத்திரி என்ற சொல்லே ரவூபுக்கு ஆகாது. கூடப்பிறந்த நுஹ்மான் நானா, சீனி வருத்தத்தால் கால்விரலில் வந்த சின்னப் புண்ணோடு உள்ளே போனவர், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெளியே வந்தார். அன்றிலிருந்து ரவூப் எந்த டொக்டரின் படியும் மிதித்ததில்லை. பார்த்தால்தானே வருத்தம், பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

"சரி, அந்த டொக்டர் என்னதான் சொல்றாங்க?"

"வருத்தத்த ஆத்துறது ஒடம்புதானாம். மண்ணு, தண்ணி, வெயில், காத்து, அதோட வயித்துல கொஞ்சம் வெறும் இடம். இது அஞ்சும் ஒடம்புக்குக் கைத்துணையாம். ஏன் வந்திச்சின்னு பார்த்து, வாழ்ற விதத்தையே மாத்தணுமாம்."

"வயித்துல வெறும் இடமா? நம்மட வீட்டுலயா?"

"அதான் சொல்ல வந்தேன். வீட்டுல ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. முன்னால நீங்க புரியாணி தின்டுக்கிட்டு இருந்தா எனக்குப் பத்தியம் இருக்க ஏலா. நீங்களும் சேர்ந்து இருந்தா இருக்கேன். இல்லாட்டி விடுங்க, வருத்தம் வந்தபடி வரட்டும்."

"சரி, நானும் இருக்கேன்" என்றுவிட்டார் ரவூப். மனிதர் சத்தம் போடுவார், முறைப்பார். ஆனால் மஸீனா இரண்டு தும்மல் தும்மினால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

அப்படித் தொடங்கியது கூத்து. விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் இருவரும் இரத்தோட்டைப் பாதையில் கைவீசி நடந்தார்கள். முதுகில் இளவெயில் பட முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பகலுக்கு வெள்ளரிக்காயும் வல்லாரையும் தவிட்டரிசிச் சோறும், பொழுது சாய்ந்ததும் கஞ்சி. அதற்குப் பிறகு குசினிப் பக்கமே போகக் கூடாது.

பெரிய கஷ்டம் கடையில்தான். மூட்டை கொண்டு வருகிறவரோடு முதலில் பிளேன்டீ, பிறகுதான் விலை. இது ரவூப் கடை வழக்கம். வருகிற ஒவ்வொருவரோடும் முதலாளியும் சீனி தூக்கலாக ஒரு கோப்பை குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் விலையில் ஏதோ வில்லங்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போதும் குடித்தார், சீனி இல்லாமல்.

"என்ன முதலாளி, சீனியில மிச்சம் புடிக்கிறீங்களா?" என்று சிரித்தார் எல்கடுவையிலிருந்து மிளகு கொண்டுவரும் ராஜநாயகம்.

"வீட்டுல அவளுக்கு வருத்தம், ராஜநாயகம்" என்றார் ரவூப், முகத்தைச் சுளித்து மிச்சத்தையும் விழுங்கியபடி.

மழைக்காலம் முடிவதற்குள் சாரத்து பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. இரவில் உள்ளங்கால் எரிவதும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்படி ஓர் எரிச்சல் இருந்ததையே அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். குசினிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே மஸீனா, மடியில் ஒரு தட்டு நிறையக் கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம். கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வந்ததே கோபம்! சீனி இல்லாமல் குடித்த அத்தனை பிளேன்டீயும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"ஒனக்காக நான் வெள்ளரிக்கா தின்டு சாகிறேன், நீ வட்டிலப்பமா? இரி, ஒன்ட டொக்டர்கிட்டயே போய்ச் சொல்றேன்!"

"போய்ச் சொல்லுங்க" என்றாள் மஸீனா, கரண்டியை நக்கியபடி.

த்ரீவீலில் ஏறி ஒரே மூச்சில் பலாபத்வலைக்குப் போனார். மிதிப்பது ஒரு டொக்டரின் படி என்பதே அந்த வேகத்தில் அவருக்கு மறந்து போனது.

"வாங்க முதலாளி, உட்காருங்க" என்றார் டொக்டர் டிலுக்ஷி.

"உட்கார வரல்ல. ஒங்கட நோயாளி ஒங்கள ஏமாத்துறா. வட்டிலப்பம் திங்கிறா!"

"சாப்பிடட்டுமே. அவங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

ரவூப் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ராத்திரியில உங்களுக்கு உள்ளங்கால் எரியுது. தூக்கத்துல காலோட காலை உரசுறீங்களாம். அதுக்குத்தான் அவங்க வந்தாங்க. ஆளைப் பார்க்காம வைத்தியம் செய்ய மாட்டேன், கூட்டிட்டு வாங்கன்னேன். 'அவருக்காகன்னா வர மாட்டாரு டொக்டர், பயம். எனக்காகன்னா எதையும் செய்வாரு'ன்னாங்க. நடக்கிறதுக்கும் சீனியை விடுறதுக்கும் நான் எதுக்கு, அதை இன்னைக்கே தொடங்குங்க, ஆனா ரத்தம் சோதிக்க ஆள் வந்தே ஆகணும்னு சொல்லி அனுப்பினேன்."

ரவூப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பூனை வரும் என்று குசினிக் கதவை எந்நேரமும் சாத்தியே வைக்கிறவள் மஸீனா. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"காலை... ஒண்ணும் செய்ய மாட்டீங்கதானே?" என்று சின்னக் குரலில் கேட்டார்.

"பார்க்கத்தான் போறேன் முதலாளி. செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். வேறு நோயாளி ஒருவரும் இல்லை. திறந்திருந்த கதவில் தொங்கிய பலகையில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதியிருந்தது.

"லீவு நாள்ல எனக்காகவா தொறந்து வச்சீங்க? நான் வருவேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

டொக்டர் சிரித்தார்.

"காலையிலேயே போன் எடுத்தாங்க. 'டொக்டர், இன்டைக்கு வட்டிலப்பம் அவிக்கிறேன். ஜும்ஆ முடிஞ்ச கையோட அவரு அங்க வருவாரு, கொஞ்சம் தொறந்து வைங்க'ன்னு."