தனியாக வரும் ஆறு

கம்பாசிட்டரின் வலது கையில் மூன்று விரல்களை ஒடித்திருந்தார்கள். அதனால் இடது கையால் எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

மூன்று நாளாக அடித்தும் அவன் வாயைத் திறக்கவில்லையாம். தெரிந்தால்தானே சொல்வான் என்று நினைத்துக்கொண்டார் எதிரே உட்கார்ந்திருந்த புரூஃப் ரீடர். ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் அவன் அச்சுக் கோக்க, இவர் பிழை திருத்த, இருவருக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம்.

மேஜைமேல் ஒரு துண்டறிக்கை கிடந்தது. ஆற்றங்கரையில் கூடுங்கள் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. அதைப் புரூஃப் ரீடர் வாசிக்க, கம்பாசிட்டர் கேட்டு எழுத வேண்டும். கூடியவர்களில் ஒன்பது பேரைச் சுட்டாயிற்று. இனி எழுதிய ஆளைச் சுட வேண்டும்.

“இந்தத் தப்ப எவன் பண்றானோ அவன்தான் ஆளு. இவன் இல்லேன்னா, நாளைக்கு உங்க ஆபீஸ் ஆளுங்க, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் உக்காந்து எழுதணும் சார்” என்றார் இன்ஸ்பெக்டர்.

தப்பு இதுதான். ஆற்றின் பெயரோடு சேர்ந்து வந்தால் ‘ரிவர்’ பெரிய எழுத்தில் தொடங்கும். தனியாக வந்தால் சின்ன எழுத்து. துண்டறிக்கையில் தனியாக வந்ததெல்லாம் பெரிய எழுத்து. மேலதிகாரி யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார்.

பார்த்த மாத்திரத்தில் புரூஃப் ரீடருக்குத் தெரிந்துவிட்டது. அது அவர் மகளின் பிழை. ஆறே பெரிசு, எழுத்து மட்டும் எதற்குச் சின்னது என்று அவரிடமே வாயடிப்பாள்.

கம்பாசிட்டர் எழுதி முடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டித் தாளில் விழுந்தது. எழுத்து கோணல்மாணல். பிழை ஒன்றுகூட இல்லை. நான்கு ‘ரிவர்’, நான்கும் சின்ன எழுத்து.

பாவி, இங்கேயுமா சரியாக எழுதித் தொலைக்க வேண்டும் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்தத் தப்பு இருக்கிறதா பாருங்கள் என்று தாளைப் புரூஃப் ரீடரிடம் தள்ளிவிட்டு, மூலையிலிருந்த குழாயில் கைகழுவப் போனார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

புரூஃப் ரீடர் அதே பேனாவை எடுத்தார். சின்ன ‘ஆர்’ ஒவ்வொன்றுக்கும் ஒரு வயிறும் ஒரு காலும் வைத்தார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

கம்பாசிட்டர் வீங்கிய கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டரிடம் தாளை நீட்டி, இவன்தான் என்று தலையாட்டினார்.

இரண்டு போலீஸ்காரர்கள் கம்பாசிட்டரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். வெளியே துப்பாக்கிக்குத் தோட்டா போடும் சத்தம் கேட்டது. இழுத்துப் போகும்போது அவன் கால் இடறி அவர்மேல் சாய்ந்தான். அவர் காதோடு சொன்னான்.

“பாப்பாகிட்ட நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேண்ணே, தனியா வர்ற ஆத்துக்குச் சின்ன எழுத்துதான்னு.”